லேபிள் ஒட்டுகிறவர்கள்

எங்கள் பக்கத்தில் லேபிள் என்றால் தீப்பெட்டியின் முகத்தில் ஒட்டுகிற காகிதம். வெடிப் பாக்கெட்டின் மேல் இருக்கிற படம். சாத்தூரிலும் சிவகாசியிலும் பெண்களும் குழந்தைகளும் பசைக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாக ஒட்டியது. சிவகாசி அச்சகம் ஒன்றில் ஒன்பது வருஷம் லேபிளுக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். அதனால் இந்தச் சொல்லை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. சமீபமாக நம் சிற்றிதழ் நண்பர்கள் சிலரின் பேச்சிலும் எழுத்திலும் இதே சொல் வேறொரு வாசனையோடு உலா வருகிறது. டெட்ராய்ட்டிலும் பெர்லினிலும் சில நூறு பிரதிகள் மட்டும் டெக்னோ இசைத்தட்டு போடுகிற சின்னஞ்சிறு கம்பெனிகள், அவற்றின் கிளைகள், கிளைகளின் கிளைகள். இவற்றின் பெயர்களை உச்சரிக்கும்போது நண்பர்களின் குரலில் ஒரு பக்தி ஏறிவிடுகிறது. சிறியது ஆகையால் சுத்தமானது, சுத்தமானது ஆகையால் கலை, நமக்கும் இப்படி நாலு லேபிள் முளைத்துவிட்டால் தமிழ் இசை சினிமாவின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும் - வாதத்தின் சாரம் இவ்வளவுதான்.

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் எதிர்த்து எழுதவேண்டியிருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் யாரும் மெனக்கெட வேண்டாம், தானே உதிர்ந்துவிடும்.

1

முதலில் அந்தப் பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

டெட்ராய்ட் கார் செய்கிற ஊர். கார்த் தொழிற்சாலைகள் கைவிட்டுக்கொண்டிருந்த ஊர் என்பது இன்னும் பொருத்தம். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே சில கறுப்பின இளைஞர்கள் ஜப்பானியத் தாள யந்திரங்களையும் சிந்தசைசர்களையும் வைத்துக்கொண்டு ஓர் இசையைச் செய்தார்கள். பெரும்பாலும் பாட்டு கிடையாது. பாடகன் கிடையாது. கதாநாயகன் கிடையவே கிடையாது. நிமிஷத்துக்கு நூற்றிருபது, நூற்று முப்பது அடி விழும் ஒரே தாளம். அதன் மேல் மிக மெதுவாக நிறம் மாறிக்கொண்டே போகும் ஒலிகள். பெரிய கம்பெனிகளுக்கு இதில் விற்க எதுவும் தெரியவில்லை. ஹுவான் அட்கின்ஸ் 1985இல் மெட்ரோப்ளெக்ஸ் என்று ஒரு லேபிளைத் தொடங்கினார். மறு வருஷம் டெரிக் மே டிரான்ஸ்மாட் தொடங்கினார். 1987இல் கெவின் சாண்டர்சன் கேஎம்எஸ் தொடங்கினார். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்து நண்பர்கள். 'டெக்னோ' என்ற பெயர் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1988இல் லண்டனில் வெளிவந்த ஒரு தொகுப்பின் மூலம். இசை அதற்கு முன்பே, பெயருக்காகக் காத்திராமல், அவர்களுடைய சொந்தத் தட்டுகளில் இருந்தது.

இவர்களுக்கு அடுத்து வந்தது அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ். எண்பதுகள் முடியும் தறுவாயில் மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கியது. ராபர்ட் ஹூட் சேர்ந்துகொண்டார். முகமூடியோடு மேடையேறினார்கள். புகைப்படம் கொடுக்க மறுத்தார்கள். தட்டைச் செய்தால் மட்டும் போதாது, கடைக்குக் கொண்டுபோகும் வழியும் தங்கள் கையில் இருக்கவேண்டும் என்று சப்மெர்ஜ் என்ற விநியோக அமைப்பை 1992இல் ஏற்படுத்தினார்கள். டெட்ராய்ட்டின் மற்றச் சிறு லேபிள்களும் அதன் வழியாகப் போயின. மில்ஸ் பிரிந்துபோய் ஆக்ஸிஸ் என்று தனி லேபிள் கண்டார். ஹூட் எம்-பிளான்ட் கண்டார். பிரிந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் இசையை மேலும் மேலும் எலும்பாக்கினார்கள்.

பெர்லினில் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் மார்க் எர்னஸ்டஸும் 1993இல் தொடங்கிய பேஸிக் சானல் இன்னொரு தினுசு. அந்தப் பெயரில் வந்த தட்டுகள் பத்துக்குள்தான். அதோடு நிறுத்திவிட்டு, பிறருடைய இசைக்கு செயின் ரியாக்ஷன், குரல் சேர்ந்த இசைக்கு மெயின் ஸ்ட்ரீட், ஜமைக்கா சாயலுக்கு பரியல் மிக்ஸ் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு கிளையை வைத்தார்கள். தட்டை வெட்டும் பட்டறையையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

இதில் மரியாதைக்குரியது எது? சிலநூறு பிரதி என்பதா? முகத்தை மூடிக்கொண்டதா? இரண்டும் இல்லை. 1999இல் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் வெளியிட்ட 'ஜாகுவார்' தட்டு ஐரோப்பாவில் பரவியது. சோனியின் ஜெர்மன் கிளை உரிமை கேட்டது. கொடுக்க மறுத்துவிட்டார்கள். கேட்டுக் கிடைக்காததை சோனி தன் ஆட்களைக்கொண்டு அப்படியே நகலெடுத்து வெளியிட முனைந்தது. கேட்கிறவர்களும் கடைக்காரர்களும் உலகம் முழுவதிலுமிருந்து எதிர்ப்புக் குரல் எழுப்ப, சோனி பின்வாங்கியது. மறுக்க முடிந்தது, மறுத்தபின் நிற்க முடிந்தது - கவனிக்கவேண்டிய விஷயம் இதுதான். தாய்த்தட்டு அவர்கள் கையில். விநியோகம் அவர்கள் கையில். பெயர் அவர்களுடையது. இந்த மூன்றும் இல்லாமல் வெறுமனே சிறியதாக இருப்பதில் என்ன பெருமை என்று எனக்குப் புரியவில்லை.

2

சிறியது என்பதாலேயே ஒன்று யோக்கியமாகிவிடும் என்று சென்னையில் நம்பலாம். சிவகாசியில் இருந்துகொண்டு நம்ப முடியாது.

தீப்பெட்டிமீது 2017வரை கலால் வரி இருந்தது. பல பத்தாண்டுகள் அந்த வரி உற்பத்தியின் அளவைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் இருந்தது. ஸ்வீடன் கம்பெனியின் கிளையான விம்கோ 1920-களிலேயே இந்தியாவில் யந்திரத்தில் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்துவிட்டது. அதே காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி இங்கே கைத்தொழிலாக அதைப் பரப்பினார்கள். யந்திரத்தோடு போட்டியிடுகிற கைக்குச் சலுகை வேண்டும், ஆகவே சிறு உற்பத்தியாளனுக்குக் குறைந்த வரி. நல்ல நோக்கம். விளைவு என்ன? பெரிய முதலாளிகள் சிறியவர்களாகிவிட்டார்கள். ஒரு தொழிற்சாலை காகிதத்தில் ஏழெட்டாக உடைந்தது. மனைவி பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று, கணக்குப்பிள்ளை பேரில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி லேபிள். மருந்து ஒன்று, குச்சி ஒன்று, கல்லாப்பெட்டி ஒன்று. லேபிள் மட்டும் ஏழு. இந்த ஏழு லேபிளையும் 'சிறு தொழிலின் பன்முகத் தன்மை' என்று வர்ணித்து யாராவது கட்டுரை எழுதியிருந்தால் சாத்தூர் டீக்கடையில் சிரித்திருப்பார்கள். இப்படிப்பட்ட சிறு பட்டறைகளில் ஒட்டிக்கொண்டிருந்த குழந்தைகளின் விஷயம் எம்.சி. மேத்தா வழக்காக உச்சநீதிமன்றம்வரை போய் 1990இலும் 1996இலும் தீர்ப்புகள் வந்தன. சிறியது அழகு என்ற சுலோகம் அந்தக் குழந்தைகளின் விரல் நகத்துக்குள் இருந்த பசையைப் பார்க்காத சுலோகம்.

வெடித் தொழிலில் இது இன்னும் குரூரமானது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டிருப்பார்கள். பெட்டியில் ஒரு பெயர், மருந்து கலக்குகிற கை வேறு. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நாற்பது பேர்வரை கருகினார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, உரிமம் வாங்கியவர் ஒருவர், வேலை நடத்தியவர்கள் குத்தகைக்காரர்கள் என்பது வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் முதலில் எழுகிற கேள்வி ஒன்றுதான்: இதற்கு யார் பொறுப்பு? லேபிளில் இருக்கிற பெயர் பதில் சொல்வதில்லை. கிளை பிரிந்ததே பதில் சொல்லாமல் இருப்பதற்காகத்தான்.

ஆக, கிளை இரண்டு வகை. வேறுபட்ட ஒன்றைச் செய்வதற்காகப் பிரிவது ஒன்று. பொறுப்பைப் பிரித்துக் கரைப்பதற்காகப் பிரிவது மற்றது. பேஸிக் சானலின் கிளைகள் முதல் வகை; ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் தனியான ஒரு ஒலித் தீர்மானம் இருந்தது. இரண்டாம் வகை இசை உலகத்தில் இல்லை என்று நண்பர்கள் நினைத்தால், டெக்னோவின் பங்காளியான ஹவுஸ் இசையைப் பார்க்கட்டும். சிகாகோவின் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் சின்ன லேபிள்தான், சுதந்திர லேபிள்தான், சரித்திரப் புகழ் வாய்ந்த லேபிள்தான். அதற்காக இசை செய்த லாரி ஹெர்டும் ராபர்ட் ஓவன்ஸும் தங்களுக்குச் சேரவேண்டியது வரவில்லை என்று 2020இல் வழக்குத் தொடுத்து, 2022இல்தான் தங்கள் பாடல்களின் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். முப்பத்தைந்து வருஷம். பெரிய கம்பெனி ஏமாற்றினால் அது சுரண்டல், சின்னக் கம்பெனி ஏமாற்றினால் அது 'அண்டர்கிரவுண்ட்' கலாச்சாரத்தின் வசீகரமான ஒழுங்கின்மை. இந்த இரட்டைக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

3

அடுத்தது நம் வீட்டுச் சரக்கு வெளிநாட்டு லேபிளோடு திரும்பி வருகிற கதை.

சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். அங்கே வாசித்தவர்கள் எல்லோரையும்போலப் பெயரற்றவர். 1982இல் ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 என்ற யந்திரங்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டுப் போட்டார். வெளியிட்டது எச்.எம்.வி. தட்டு விற்கவில்லை. டச்சுக்காரரான ஈடோ போமன் அதை டெல்லியில் ஒரு கடையில் கண்டெடுத்து, சரண்ஜித் சிங்கைத் தேடிப் பிடித்து, 2010இல் பாம்பே கனெக்ஷன் என்ற தம்முடைய சிறு லேபிளில் மறுபடி வெளியிட்டார். உடனே கூக்குரல் எழுந்தது: சிகாகோவில் 1987இல் ஃபியூச்சர் குழுவின் 'ஆஸிட் டிராக்ஸ்' வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே ஆஸிட் ஹவுஸைக் கண்டுபிடித்துவிட்டார் ஒரு இந்தியர்! நம் நண்பர்களும் இந்தக் கூக்குரலில் கலந்துகொண்டார்கள். சரண்ஜித் சிங் சொன்ன காரணமோ மிக எளிமையானது: அப்போது சினிமாவில் டிஸ்கோ மோகம், ராகத்தை அதனோடு சேர்த்தால் என்ன என்று தோன்றியது. 2015இல் அவர் காலமானார். கடைசிச் சில வருஷங்களில் ஐரோப்பிய மேடைகளில் வாசிக்கக் கிடைத்தது.

போமன்மீது எனக்குப் புகார் இல்லை. மனிதரைத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார். நாம் பார்க்கவில்லை. என் புகார் நம்மீது. தட்டு நம் பழைய கடைகளில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கிடந்தபோது அது குப்பை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து லேபிள் ஒட்டி வந்ததும் அது 'முன்னோடி'. எதற்கு முன்னோடி? சிகாகோவுக்கு. ஒரு சிருஷ்டி அது என்ன செய்கிறது என்பதை வைத்து மதிக்கப்படாமல், பிற்காலத்தில் வேறொரு ஊரில் வேறு ஆட்கள் செய்யப்போகிற ஒன்றுக்கு எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்பதை வைத்து மதிக்கப்படுகிறது. இது பாராட்டு அல்ல. அடிமை மனோபாவத்தின் புதிய உடுப்பு. அந்தத் தட்டில் பைரவி என்ன ஆகியிருக்கிறது, யந்திரத்தின் வழுக்கு கமகத்தோடு எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டாமல் துருத்துகிறது என்று இத்தனை வருஷத்தில் தமிழில் யாரும் நாலு வரி எழுதி நான் பார்க்கவில்லை. ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரை நிறுவ, கீதா சாராபாயும் மற்றவர்களும் செய்த மின்னணு இசையும் இப்படித்தான். நாடாக்கள் அங்கேயே அலமாரியில் கிடந்தன. பால் பர்காஸ் தேடியெடுத்து, 2023இல் லண்டன் லேபிள் ஒன்றிலிருந்து வெளிவந்த பிறகுதான் அப்படியொன்று நடந்ததே நமக்குத் தெரிகிறது.

தமிழுக்கு வருவோம். எண்பதுகளில் இளையராஜா சினிமாவுக்குள்ளேயே மின்னணு ஒலியில் செய்துபார்த்தவை நிறைய. 1986இல் 'விக்ரம்', அதே வருஷம் 'புன்னகை மன்னன்'. ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் லேபிள் அவருடைய பாடல்களை 'சொல்ல சொல்ல' என்று தொகுத்தது. பாம்பே கனெக்ஷன் 1985 முதல் 1989 வரையிலான தமிழ்ப் பட இசையை 'ஃபயர் ஸ்டார்' என்ற தலைப்பில் தொகுத்தது. எங்கள் ஊர் வெடிப் பாக்கெட்டில் அப்படியே ஒட்டிவிடலாம் போன்ற பெயர். மேளதாளமாக இதை வரவேற்றவர்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பாடல்களில் விசைப்பலகை வாசித்த விஜி மானுவேல், தாளம் வாசித்த புருஷோத்தமன் - இவர்கள் பெயரை எண்பதுகளின் தமிழ்ப் படத்தட்டு உறைகளில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது. படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர். அதோடு லேபிள் முடிந்துவிடும். எக்கோ கம்பெனியின் பெயர் இருக்கும். அந்தக் கம்பெனிக்கும் இசையமைப்பாளருக்கும் இடையே உரிமை யாருடையது என்று பிற்பாடு நீதிமன்றம்வரை போய் வழக்காடினார்கள். அந்த வழக்கில்கூடத் தாளம் போட்டவனுக்கு இடமில்லை.

4

நமக்கு ஏன் சிறு லேபிள்கள் தோன்றவில்லை? வசதி இல்லை என்பது பதிலாகாது. டெட்ராய்ட் இளைஞர்களிடம் இருந்த வசதியைவிட அதிகமான வசதி எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விருதுநகரில் இருந்தது. மைக்செட் இருந்தது.

மைக்செட்காரர் என்றால் நண்பர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஜமைக்காவில் நடந்ததைச் சொன்னால் வராது. அங்கே தெருவில் ஒலிபெருக்கி கட்டி ஆட்டம் நடத்தியவர்கள்தான் காக்ஸன் டாடும் டியூக் ரீடும். எதிராளியிடம் இல்லாத தட்டு தன்னிடம் இருக்கவேண்டும் என்பதற்காக, தாங்களே பாடகர்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஸ்டூடியோ ஒன், டிரெஷர் ஐல் என்ற லேபிள்கள் அப்படிப் பிறந்தவை. ரெகே என்று உலகம் கொண்டாடுகிற இசையின் பூர்வோத்திரம் இது. அதாவது ஒரு மைக்செட்காரர் அடுத்த மைக்செட்காரரைத் தோற்கடிக்கச் செய்த காரியம்.

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலிலும் சிவகாசி பத்ரகாளியம்மன் சித்திரைப் பொங்கலிலும் தென்னைமரத்து உச்சியில் குழாய் கட்டிய மைக்செட்காரர்களுக்குள் போட்டி இல்லையா? உண்டு. யாருடைய குழாய் இருக்கன்குடிவரை கேட்கிறது என்கிற அளவுக்கு உண்டு. ஆனால் எல்லோரும் போட்டது ஒரே தட்டு. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி அந்த வருஷத்துப் படப்பாட்டில் முடியும். போட்டி ஒலியின் அளவில்தான், ஒலியில் இல்லை. சரக்கை சினிமா கொடுத்துவிட்டது. தானே ஒன்றைப் பதிவு செய்யவேண்டும் என்ற அவசியம் மைக்செட்காரருக்கு ஏற்படவில்லை. பிறகு ஊருக்கு ஊர் கேஸட் பதிவுக் கடைகள் வந்தன. காகிதத்தில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் மறுநாள் நாடாவில் பதிந்து கொடுப்பார்கள். கையில் பதிவு யந்திரம் இருந்தது, வாடிக்கையாளர் இருந்தார்கள், உறை அச்சடிக்க சிவகாசி இருந்தது. அங்கேயும் நகல்தான்.

சினிமாமீது மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அதே பொங்கலில், குழாயின் அடியில், தப்பு அடித்தவர்கள் இருந்தார்கள். உறுமி இருந்தது. பக்கத்து ஊர்களில் தேவதுந்துபி அதிர ராஜகம்பளத்தார் ஆடிய தேவராட்டம் இருந்தது. வார்த்தையில்லாமல் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, சிறுகச் சிறுக நடையை மாற்றி, ஆடுகிறவனைத் தன்னை மறக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிற கலையைக் கேட்க டெட்ராய்ட்டுக்குப் போகவேண்டியதில்லை. கோயில் வாசலுக்குப் போனால் போதும். வாசலுக்குத்தான், தப்பு அடித்தவர்களை உள்ளே விட்டதில்லை. கிராமத்தில் தப்பு அடிப்பது வேலை இல்லை, ஊழியம். இழவுக்கும் கொடைக்கும் வந்து அடித்தாகவேண்டும். கூப்பிடும்போது ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாதியைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் இல்லாதவனுக்கு லேபிள் எங்கிருந்து வரும்? ஒரு வட்டக் காகிதத்தில் அவன் பெயரை அச்சடித்து, அவன் அடித்த அடி அவனுடையது, வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கு, கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் அவனுக்குப் பாத்தியதை உண்டு என்று ஒப்புக்கொள்வதற்கு, ஊர் தன்னையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். தட்டு வெட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கலாம். இதை எங்கே வாங்குவது?

எண்பதுகளில் கே.ஏ. குணசேகரன் தன்னானே குழுவோடு மேடை மேடையாகப் பாடியதும் அந்தக் குரல் ஒலிநாடாவில் கைமாறியதும் இந்த இடத்தில்தான் முக்கியமாகின்றன. சாதி ஒழியவேண்டும் என்று பாடியது ஒரு பங்கு. தப்பைத் தப்பு என்று சொல்லி, அடிக்கிறவன் கலைஞன் என்று சொல்லி, பெயரோடு முன்னால் நிறுத்தியது அதைவிடப் பெரிய பங்கு. 2018 ஜனவரியில் முதல் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவுக்கு முன்னோர் யார் என்று கேட்டால் பெர்லினைக் கைகாட்டாதீர்கள். மாரந்தையைக் காட்டுங்கள்.

5

இப்போது சாலை திறந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் லேபிள் தொடங்கலாம், ஒரு கணினியும் ஒரு கணக்கும் போதும் என்கிறார்கள். 2024லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு வருஷத்துக்கு ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்டால் அதற்குக் காசு கிடையாது. சிறியவர்களின் சந்தை என்று பெயர் வாங்கிய பேண்ட்கேம்ப் 2022இல் எபிக் கேம்ஸ் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2023இல் வேறொருவருக்குக் கைமாறியது. ஊழியர்களில் பாதிப் பேர் வெளியே. வாசல் இன்னொருவனுடையது. 'சுதந்திர இசை' என்று அறிவித்துக்கொண்டு 2021இல் மாஜா நிறுவனம் வெளியிட்ட 'என்ஜாய் எஞ்சாமி' உலகத்தைச் சுற்றிவந்தது. அதில் தனக்கு ஒரு பைசா வரவில்லை என்று இசையமைத்த சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பகிரங்கமாகச் சொன்னார். பாடலை எழுதிப் பாடிய அறிவின் முகம் 2021இல் ஒரு பத்திரிகை அட்டையில் இல்லாமல் போனதும் சர்ச்சையானது. அந்தக் கணக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். நிலம் இழந்தவர்களின் பாட்டனைப் பாட்டியைப் பற்றிய பாட்டிலேயே, பாட்டு யாருடையது என்று தெரியாமல் போனது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். 'சுதந்திர' என்ற லேபிள் அங்கேயும் ஒட்டித்தான் இருந்தது.

சிற்றிதழ்க்காரர்களாகிய நாம் இதில் நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்துகொள்ள முடியாது. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கி, பிற்பாடு புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்கப் போனார் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதுதான் நம் சப்மெர்ஜ். ஆனால் இன்று எத்தனை சிற்றிதழ்களில் எழுதியவனுக்குப் பிரதியாவது ஒழுங்காகப் போய்ச் சேருகிறது? எத்தனை பதிப்பகங்களில் ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் இருக்கிறது? எத்தனை பத்திரிகைகள் ஆசிரியரின் கோபதாபத்துக்காக மட்டுமே கிளை பிரிந்தன? நாம் சிறியவர்கள் என்பதை நம் யோக்கியதாம்சத்துக்கான சான்றிதழாக ரொம்ப நாளாகக் காட்டிக்கொண்டு வருகிறோம். அந்தப் பழக்கத்தில்தான் டெட்ராய்ட்டின் சின்ன லேபிள்களையும் பார்க்கிறோம். கண்ணாடியில் முகம் பார்த்துக்கொள்கிற ரசனை இது.

நான் சொல்வது இவ்வளவுதான். எந்த லேபிளைப் பற்றிப் பேசினாலும் அளவை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாருடைய பெயர் போட்டிருக்கிறது? தாய்த்தட்டு யாரிடம் இருக்கிறது? மாட்டேன் என்று சொல்ல யாருக்கு முடியும்? இந்த மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தக் கம்பெனி ஐந்நூறு பிரதி போட்டாலும் ஐந்து லட்சம் பிரதி போட்டாலும் எனக்கு ஒன்றுதான். வேறு வேறு பதில் வந்தால் அது தீப்பெட்டிக் கம்பெனி.

செய்யவேண்டிய காரியமும் ஒன்று இருக்கிறது. இந்த ஜில்லாவில் தப்பும் உறுமியும் தேவதுந்துபியும் வாசிக்கத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன, வயதாகிக்கொண்டிருக்கின்றன. எண்பதுகளில் கோயில் கொடைகளில் பதிவான நாடாக்கள் பூசணம் பூத்து மைக்செட்காரர்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. லண்டனிலிருந்தோ ஆம்ஸ்டர்டாமிலிருந்தோ ஒருவர் வந்து இவற்றை எடுத்துக்கொண்டு போய்த் தொகுப்பாக்கி, நாலு வருஷம் கழித்து நாம் அதை அஞ்சலில் வரவழைத்து வியக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முந்நூறு பிரதி போதும். தட்டாகவே வரவேண்டும் என்பதுமில்லை. நாடாவானாலும் சரி, பென்டிரைவ் ஆனாலும் சரி. வாசித்த ஒவ்வொருவர் பெயரும் உறையின் முன்பக்கத்தில் வரவேண்டும். மூலப்பதிவு வாசித்தவர்கள் கையில் இருக்கவேண்டும். வெளியிடுகிறவர் கையில் இருக்கவேண்டியது நகல் மட்டும். யார் உரிமை கேட்டு வந்தாலும், அது சினிமாவாக இருந்தாலும் நம் சிற்றிதழாகவே இருந்தாலும், வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடவேண்டும். இதை ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டால் போதும்.

உறையை சிவகாசியில் அச்சடித்துக்கொள்ளலாம். மெய்ப்பு நான் பார்த்துத் தருகிறேன். பெயர்களில் ஒரு எழுத்துப் பிழைகூட இருக்காது.